காட்டுமாட்டை விரட்டிய குரல்

அந்த வாரம் கருப்பம்மாள் பறித்த கொழுந்தில் பாதி முற்றல் இலையும் காம்புமாக இருந்தது. எடை போடும் இடத்தில் சூப்பர்வைசர் அதை அள்ளிக் காட்டி, "இது தேயிலையா, மாட்டுத் தீவனமா?" என்று கேட்டார். அவள் மேட்டிலிருந்த தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் எங்கள் லயத்துக்கு போன் சிக்னல் கிடைப்பது அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான்.

கீழ் கோத்தகிரிச் சரிவில் எங்கள் எஸ்டேட். அவள் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. கொழுந்து பறிக்கும்போதும் அவள் என் பக்கத்து வரிசையில்தான் நிற்பாள். அவளுடைய தவிப்பைச் சொல்வதென்றால் அவள் குரலிலிருந்து தொடங்க வேண்டும்.

முன்பெல்லாம் காட்டுமாடு தேயிலைக்குள் இறங்கினால் ஆண்கள் தகரத்தைத் தேடி ஓடுவார்கள். கருப்பம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு கத்து கத்துவாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பும் அந்தச் சத்தம் எதிர்மலையில் மோதித் திரும்பி வரும். மாடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகச் சோலைக்குள் போய்விடும். கத்தி முடித்த மூச்சிலேயே அவள் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, 'ட்ளக், ட்ளக்' என்று கொட்டுவாள். திட்டிய பிறகு தடவிக் கொடுப்பது மாதிரி இருக்கும். மகள் வாசுகியைச் சின்ன வயதில் விளையாட்டிலிருந்து கூப்பிடுவதும் அப்படித்தான். வாசுகியும் பதிலுக்கு ஒரு கொட்டு கொட்டிவிட்டு ஓடி வருவாள்.

போன வருடம் பேய்ப்படம் எடுக்க ஒரு கூட்டம் வந்து, பூட்டிக் கிடந்த பங்களாவில் தங்கியது. ஒருநாள் கருப்பம்மாள் மாடு விரட்டும் சத்தம் கேட்டு, அவர்களுக்கு ஒலிப்பதிவு செய்யும் ஷிஜோ ஓடி வந்தார். கையில் பூனைக்குட்டி போல ரோமம் போர்த்திய மைக்.

"அக்கா, இன்னொரு வாட்டி கத்துங்களேன்."

"மாடு போயிருச்சே தம்பி. சும்மா எப்பிடிக் கத்துறது?"

"என்னை மாடுன்னு நெனச்சுக்குங்க."

அவள் நினைத்துக்கொண்டாள்; கத்தி முடித்து வழக்கம்போல நாக்கையும் கொட்டினாள். ஷிஜோ காதில் மாட்டியிருந்ததைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். "எங்க பேய்க்குக் குரல் கெடச்சாச்சு" என்று சிரித்தார்.

மழை விட்ட பிறகு கருப்பம்மாளின் கழுத்தில் கட்டி வந்தது. கோயம்புத்தூரில் அறுவை சிகிச்சை. குரல் போகலாம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள். உயிர் தங்கியது, குரல் போயிற்று. அவள் பேசினால் இப்போது காற்று மட்டும்தான் வரும். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் வாசுகி போனில், "ஒண்ணும் கேக்கலைம்மா, அப்பாகிட்ட குடு" என்பாள். கருப்பம்மாள் போனைப் புருஷன் அழகையாவிடம் நீட்டிவிட்டு, தொட்டி மேட்டிலிருந்து இறங்கி அடுப்படிக்குப் போய்விடுவாள்.

இந்த நிலையில்தான் பாலகுமார் ஒரு செய்தியைக் கொண்டுவந்தான். படக் கூட்டத்துக்கு ஜீப் ஓட்டியவன் அவன். வெளிநாட்டில் பேய்ப்படங்களுக்கென்றே ஒரு விழா நடக்கிறதாம். அதற்குப் படத்தை அனுப்பியிருக்கிறார்களாம். தேர்வானால் படம் இருக்கிறபடியே போகும். ஆகாவிட்டால் தயாரிப்பாளர் கருப்பம்மாளின் கத்தல் உட்பட சத்தம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விலைக்கு வேறு வாங்கிப் போடச் சொல்லிவிட்டார். முடிவு வரும்வரை யாருக்கும் காட்டக் கூடாதாம்.

அன்றிலிருந்து அவள் தொட்டிக்கும் வீட்டுக்குமாக அலைந்தாள். ஒரு வேலையும் ஓடவில்லை.

"அந்தக் குரலோட இத்தன வருசம் குடித்தனம் பண்ணினவன் நான். விருது குடுக்கிறதுன்னா எனக்கில்ல குடுக்கணும்?" என்று அழகையா கேலி பேசினார். ஆனால் காலையில் எழுந்ததும் அவள் போனை சார்ஜில் போடுவது அவர்தான். நான் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் ஜீப் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது.

"ஏனுங்க அக்கா! செலக்ட் ஆயிருச்சுங்க! டீசர் உட்டுட்டாங்க!"

பாலகுமார் வரும் வழியிலேயே அதைப் போனில் இறக்கி வைத்திருந்தான்; சுற்றிக் கூடினோம். பனி மூட்டம், பங்களாவின் ஜன்னல், ஒரு விளக்கு. பிறகு அந்தச் சத்தம் வந்தது. பாறை உருளுகிற மாதிரி இருந்தது. அதில் கருப்பம்மாள் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

"இது அக்கா கொரலுங்களா? யானையாட்ட இருக்குது" என்றான் பாலகுமார்.

"மிசின்ல போட்டு அரைச்சிட்டானுக" என்றார் அழகையா. "ஃபேக்டரியில தூளாகி வந்த பொறவு இவ பறிச்ச எல எதுன்னு யாரு கண்டா?" சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை.

கருப்பம்மாள் போனை வாங்கிக் காதோடு வைத்து மறுபடி கேட்டாள். இன்னொரு முறையும் கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு என்னை இழுத்து, "வாசுகிக்கு அனுப்பச் சொல்லு. நாந்தான்னு எழுத வேணாம்" என்றாள், காற்றுக் குரலில்.

வாசுகி வேலை முடிந்து வரும்வரை அவள் உட்காரவே இல்லை. உலையில் போட்ட அரிசியை மறந்தாள். அது அடிப்பிடித்து லயம் முழுக்க வாடை வீசியது. கடைசியில் அழகையாவும் நானும் அவளோடு தொட்டிக்கு ஏறினோம். பனி ஏறிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. அழகையா ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, என்னமோ பேய் கத்துது. எதுக்கு அனுப்பின?"

கருப்பம்மாள் கழுத்துத் தழும்பைப் பிடித்துக்கொண்டாள். 

"அம்மா? இரு, இன்னொரு வாட்டி கேட்டுட்டுக் கூப்புடுறேன்."

அழைப்பு நின்றது. கருப்பம்மாள் தொட்டியைச் சுற்றி நடந்தாள். நின்றாள். மறுபடி நடந்தாள். "கால் வலிக்கப் போவுது, உக்காரு புள்ள" என்றார் அழகையா. அவள் காதில் விழவில்லை.

மறுபடி போன் அடித்தது. எடுத்தோம். பேச்சே இல்லை. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து, 'ட்ளக்' என்று ஒரு கொட்டு.

"கத்தி முடிச்சதும் வருதே, அது நீதானேம்மா?"

கருப்பம்மாள் நாக்கை மேலே ஒட்டி இரண்டு முறை கொட்டினாள். அதற்குக் குரல் வேண்டியிருக்கவில்லை.

"கேக்குதும்மா! நல்லாக் கேக்குது!"

வழக்கம்போல மகளிடம் பேச அழகையா கை நீட்டினார். கருப்பம்மாள் போனைக் கொடுக்கவில்லை.