காபிக்கு நான் போட்ட மார்க்

என் வீட்டுக்காரர் காபி குடிக்க மாட்டார். வயிற்றுப் புண் வந்தபோது டாக்டர் நிறுத்தச் சொன்னார். நிறுத்தியவர் நிறுத்தியவர்தான். ஆனால் எங்கள் வீட்டில் காபி போடுவது அவர். நடந்த அத்தனை கூத்துக்கும் இதுதான் காரணம்.

ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஒரு போல்ட்டைக் கையில் எடுத்தால் அது சரியா தப்பா என்று சொல்லாமல் கீழே வைக்க மாட்டார். ஓய்வுக்குப் பிறகு எங்கள் கோவில்பதாகை ஃபிளாட்டில் அவருக்குச் சரிபார்க்க ஒன்றும் கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் என் தோசையைப் பார்த்தார். வட்டம் சரியில்லை என்றார். மறுநாள் தோசைக் கரண்டியை அவர் கையிலேயே கொடுத்தேன். அதோடு அந்த இலாகா மூடப்பட்டது.

அப்புறம் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். காலையில் கம்பெனி பஸ் தெருமுனையில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அது போன பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால்தான் பதில். என்னோடு நன்றாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த மனிதர் இப்படி ஆனதில் எனக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டது.

ஐப்பசி மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. நாலாம் நாள் காலையில் அவரே சமையலறைக்குள் போனார். பாத்திரங்கள் உருண்டன. அரை மணி நேரம் கழித்து ஒரு டம்ளர் காபியோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் முதல் தடவை. ஒரு வாய் குடித்தேன். சூடு தெரிந்தது, வேறு ஒன்றும் தெரியவில்லை. மோந்து பார்த்தேன். வெந்நீரை மோந்த மாதிரி இருந்தது. காய்ச்சல் என் மூக்கையும் நாக்கையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார். பல மாதம் கழித்து அவராக என்னிடம் கேட்ட கேள்வி.

"நல்லா இருக்குங்க."

"நல்லான்னா? பத்துக்கு எவ்வளவு?"

"ஏழு."

"அப்ப மீதி மூணு எங்க போச்சு?"

அந்த மூன்றைத் தேடித்தான் மறுநாள் எனக்கு முன்னால் எழுந்தார். அதற்கு அடுத்த நாளும் எழுந்தார். பால்கனி நாற்காலியில் கொடித்துணி காய ஆரம்பித்தது.

ருசி இரண்டு நாளில் திரும்பிவிடும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இரண்டு நாள் இரண்டு வாரமாயிற்று, மாதமாயிற்று. சமையல் கை அளவில் ஓடிக்கொண்டிருந்தது. கேன்டீன் சாப்பாட்டில் பழகிய மனிதர், தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். ஆக, யாருக்கும் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் காபியை விட்டுவிட்டுப் பழையபடி நாற்காலிக்குப் போய்விடுவார். என் பயம் முழுவதும் அதுதான்.

அவர் காபியை வாயில் வைக்க மாட்டார், எனக்கோ வாயில் வைத்தாலும் தெரியாது. இந்த லட்சணத்தில் தினமும் மார்க் போட்டேன். முகத்தில் ரொம்ப ஆவல் தெரிந்தால் எட்டு. எப்போதும் எட்டு என்றால் சந்தேகம் வரும், அதனால் நடுவில் ஒரு ஆறு. பேப்பரைப் படிக்காமல் மார்க் போடும் வாத்தியார்களை நான் திட்டாத திட்டு இல்லை. அந்த வேலையை இவ்வளவு சுலபமாகச் செய்வேன் என்று நினைக்கவேயில்லை.

அவர் அதை எல்லாம் காலண்டரில் பென்சிலால் குறித்து, மார்க் வந்த பக்கம் போய்க்கொண்டிருந்தார். மார்க்கெட்டில் கொட்டையை வறுத்து அரைத்துக் கொடுக்கிற கடையிலிருந்து அருமையான பீபரி தூள் வாங்கி வந்த நாளில் எனக்கு முட்டி வலி. ஐந்து போட்டேன். நல்ல தூள் வீட்டை விட்டே போனது. சிக்கரியைப் பாதிக்குப் பாதி கலந்த நாளில் தங்கை மகளுக்கு வரன் முடிந்திருந்தது. சந்தோஷத்தில் ஒன்பது. சிக்கரி நிரந்தரமாயிற்று. கேன் தண்ணீருக்கு ஆறு, போர் தண்ணீருக்கு எட்டு. பொடியைக் கட்டை விரலால் அமுக்கு அமுக்கென்று அமுக்கியதற்கு எட்டு. கடைசியாக ஒரு சிட்டிகை உப்பு போட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது. அதற்கும் ஒன்பது போட்டேன்.

வீட்டு வேலைக்கு வருகிற அம்மா மட்டும் ஒரு நாள் டம்ளரை மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

"வோணாம்மா. டாக்டரு எனக்கு காபியே ஆவாதுன்ட்டாரு."

அதே வாரம் தெருமுனை டீக்கடையில் அவள் நின்று காபி குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

மாசி பிறந்தபோது அவர் தன்னோடு வேலை பார்த்த நாலு பேரை ஞாயிற்றுக்கிழமை காபிக்கு அழைத்தார். நாலு பேரும் பொருளில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர்கள். "இப்பல்லாம் என் காபிக்கு ஒன்பதுக்குக் கீழ மார்க்கே கிடையாதுப்பா," என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போனேன். கருவாட்டுக் கடையைத் தாண்டும்போது காலெடுத்து வைக்க முடியாமல் நின்றேன். வாசனை. நாலு மாதம் கழித்து ஒரு வாசனை. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு போகிற இடத்தில் நான் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னாக்கா, அப்டியே நின்னுகினு கீறீங்க? எவ்ளோ வோணும்?" என்றார் கடைக்காரர்.

நன்றிக்கடனாக அரை கிலோ வாங்கினேன். மறுநாள் காலை வழக்கம்போல டம்ளர் வந்தது. ஆசையாக ஒரு வாய் குடித்தேன். வேப்பங்கொட்டையைக் கருக வறுத்து உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் இப்படி இருக்கலாம். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். எதிரில் அவர், காதில் பென்சிலோடு. நாளைக்கு நாலு பேர் முன்னால் இந்த மனிதர் தலைகுனிந்து நிற்கப்போகிறார், அதற்குக் காரணம் நான். இனிமேல் சொல்லாமல் இருக்க வழியில்லை.

"இது குடிக்கிற மாதிரி இல்லைங்க," என்றேன்.

"நேத்து ஒன்பதுன்ன."

"நேத்து காலைல எனக்கு ருசியே தெரியாது. வாசனையும் தெரியாது. அந்தக் காய்ச்சல்லேருந்தே இப்படித்தான். நேத்து சாயந்தரம்தான் திரும்பிச்சு."

கோபப்பட்டால் என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்து வைத்திருந்தேன். இரண்டு வேடிக்கைப் பேச்சுகூடத் தயார். அவர் காலண்டர் பக்கம் திரும்பவேயில்லை. அடுப்பைப் பார்த்தார்.

"தை மாசம் நான் ஊருக்குப் போயிருந்தேனே, மூணு நாள்."

"ஆமா."

"நீ தனியா இருந்த. கேஸ் கசிஞ்சிருந்தா?"

நாலு மாதத்தில் ஒரு தடவைகூட அது எனக்குத் தோன்றியதில்லை.

அவர் எழுந்து போய் சோப்பைத் தண்ணீரில் கரைத்தார். சிலிண்டர் முன்னால் மண்டி போட்டு, டியூப் சேருகிற இடத்தில் நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. மறுபடியும் தடவினார். இவரை நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன் என்று நாலு மாதமாக எனக்கு ஒரே கர்வம். என்னைப் பற்றிப் பயப்படவும் வீட்டில் ஓர் ஆள் இருக்கிறார் என்பதை மறந்தே போயிருந்தேன். அங்கேயே நின்று அழுதுவிட்டேன்.

"சொல்லியிருக்கலாம்ல," என்றார் திரும்பாமல்.

"சொன்னா நீங்க மறுபடியும் பால்கனிக்குப் போய் உக்காந்துடுவீங்கன்னு பயம்."

சோப்புக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பிறகு, "உக்கார எங்க நேரம்? எல்லாத்தையும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த நாலு பேருக்கும் டீ கொடுத்து அனுப்பினோம். வேலைக்கார அம்மாவிடம் விசாரித்தேன். "ஐயா அவ்ளோ ஆசையா குட்த்தாரு. மூஞ்சப் பாத்து நல்லா இல்லன்னு எப்டிம்மா சொல்றது?" என்றாள். அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

இப்போது எங்கள் வீட்டு முறை இது. ஒரு வாரத்துக்கு ஆகிற தூள் மட்டும்தான் வாங்குவது. சிக்கரி பேருக்குக் கொஞ்சம். கேன் தண்ணீர். ஃபில்டரை அப்போதைக்கப்போது நெருப்பில் காட்டி, அடைத்த ஓட்டைகளைத் திறந்துவிடுவது. பொடியை அமுக்காமல் லேசாகத் தட்டிவிட்டு, கொதித்து அடங்கிய தண்ணீரை முதலில் நனைகிற அளவு ஊற்றி, சற்றுப் பொறுத்து மீதியை ஊற்றுவது. பால் ஒரு தடவைதான் பொங்கலாம். டிகாக்‌ஷனை அடுப்பில் வைக்கவே கூடாது. இவ்வளவு செய்தும் சில நாள் சுமாராகத்தான் வருகிறது. சுமார் என்றே சொல்கிறேன்.

அவர் மார்க் கேட்பதை விட்டுவிட்டார். காலையில் அடுப்புப் பக்கம் போவதற்கு முன்னால் தூள் டப்பாவைத் திறந்துகொண்டு படுக்கைக்கே வந்துவிடுகிறார். கண்கூடத் திறந்திருக்க மாட்டேன், மூக்குக்கு நேரே டப்பாவைப் பிடித்து, "வருதா?" என்று கேட்கிறார். "வருதுங்க" என்று நான் சொன்ன பிறகுதான் போய் அடுப்பைப் பற்றவைக்கிறார்.