சுவரில் ஒட்டிய ஆறு கண்ணாடித் துண்டுகள்

இது நடந்தது இரண்டு வருடங்களுக்கு முன், வருடக் கடைசி மழைக்காலத்தில். இடம் காத்தான்குடி. வாவிப் பக்கமாக இறங்குகிற ஓர் ஒழுங்கையில், அந்தக் குறுகலான தெருவில், கடைசி வீடு. வீட்டின் உறுதிப் பத்திரத்தில் இருப்பது என் பெயர். குடியிருந்தது வேறொரு குடும்பம்.

எங்கள் ஊர்ப் பழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே மகளுக்குக் கல்யாணம் என்றால் பெற்றவர்கள் ஒரு வீடு கொடுத்தாக வேண்டும். காணியோ கைப்பிடி அளவுதான் கிடைக்கும். அதனால்தான் எங்கள் ஊரில் பாதி வீடுகளின் தலையில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். கீழ் வீடு முடிந்தது, மேல் வீடு இன்னொரு மகளுக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் இருந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு அவளோடேயே ஒட்டிக்கொண்டோம். கணவர் கட்டாரில் உழைத்து அனுப்பியதைக் கொண்டு, வாவியோரம் மண் போட்டு நிரப்பிய வளவில் நான்தான் நின்று கீழ் வீட்டைக் கட்டுவித்தேன். மேலே கொங்கிரீட் பிளேட் போட்டு, கம்பியும் விட்டாயிற்று. இளையவளுக்கு மேல் வீடு, கீழ் வீட்டை வாடகைக்கு விட்டால் அவளுக்கு ஒரு வரும்படி. நான் போட்ட திட்டத்தில் எனக்கே ஒரு பெருமை.

வாடகைக்கு வந்தவர் ஓட்டமாவடியைச் சேர்ந்த ஒரு மேசன், வீடு கட்டுகிறவர். மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் வராது. எனக்கு அதற்கு நேர்மாறான வாய். குடிவந்த அன்றைக்கே சட்டங்களை ஒப்பித்துவிட்டேன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, ஒன்றும் ஒட்டக் கூடாது, குசினிக்குள் விறகு எரிக்கக் கூடாது. மாதத்தில் ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு போய்ச் சுவர் சுவராகத் தடவிப் பார்ப்பேன். என் இளைய மகள், "உம்மா, நீங்க வீடு பாக்கப் போறல்ல, களவு புடிக்கப் போற" என்று சிரிப்பாள்.

அவளுக்கு மாப்பிள்ளை சரிவந்தது. கல்யாணத்துக்கு முன் மேல் வீடு எழும்ப வேண்டும். வீட்டிலேயே ஒரு மேசன் இருக்க வேறு ஆளை ஏன் தேட வேண்டும்? அவரைக் கூப்பிட்டு, "தம்பி, வேல உங்களுக்குத்தான். நீங்க கீழயே இரிக்கலாம், மகள் மேல வருவா" என்றேன். மழையில் வேலை இல்லாமல் இருந்த மனிதர். துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், "பாப்பம் ராத்தா" என்று தலையைச் சொறிந்தார். எனக்கு அப்போதே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அடுத்த முறை போனபோது குசினியில் கால் வைத்தேன், தலை சுற்றியது. பின்சுவரில், யன்னல் மூலையிலிருந்து கீழ் நோக்கி, விரல் நீளக் கண்ணாடித் துண்டுகள். ஆறு. ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் சீமெந்து அப்பி, பக்கத்தில் பென்சிலால் திகதி எழுதியிருந்தது. ஆணியே அடிக்கக் கூடாது என்ற என் வீட்டில்!

"என்ன தம்பி இது? ஆணி அடிக்காதீங்கண்டா கண்ணாடி ஒட்டுவீங்களா?"

"கோவப்படாமக் கேளுங்க ராத்தா. சுவர் வெடிச்சிரிக்கு. அது நிண்டுபோன வெடிப்பா, இன்னும் நகருதாண்டு பாக்கத்தான் இது. கண்ணாடி இழுபடாது. சுவர் ஒரு நூல் அசைஞ்சாலும் உடைஞ்சிரும்."

உற்றுப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் தலைமுடி போல ஒரு கோடு. இதற்கா இவ்வளவு கூத்து? புது வீட்டில் பூச்சு வெடிப்பது புதினமா என்று கேட்டேன். பூச்சு வெடித்தால் இப்படிச் சாய்ந்து போகாது, இது அத்திவாரத்திலிருந்து வருகிறது என்றார். மேலே கட்ட வேண்டாம் என்றும் சொன்னார்.

அப்போது என் புத்தி எங்கே போனது தெரியுமா? வீட்டுக்காரரின் மகள் தலைக்கு மேல் வந்து இருப்பது இவருக்குப் பிடிக்கவில்லை, அதற்குத்தான் இந்தக் கதை கட்டுகிறார் என்று முடிவெடுத்தேன். நினைத்ததோடு நின்றேனா? முகத்துக்கு நேரே சொன்னேன். அவருடைய மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டாள். நாளைக்கே கண்ணாடியைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை விட வேண்டும் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

"எனக்கு இந்த வேலயும் வேணாம் ராத்தா. இந்த மாசம் முடிய வீட்டயும் உட்டுர்றன். ஒண்டே ஒண்டு. முகத்துவாரம் வெட்டி, ஆத்துத் தண்ணி இறங்குற மட்டும் மேல ஒரு கல்லும் ஏத்தாதீங்க. தண்ணி ஏறக்குள்ள ஒண்டும் தெரியா. இறங்கக்குள்ளதான் நிரப்பின மண்ணும் சேந்து இறங்கும்."

வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். மழைக்கு அது நிரம்பி வளவுகளுக்குள் ஏறிவிட்டால், கடலை மறித்துக் கிடக்கும் மணல் திட்டை வெட்டிவிடுவார்கள். நாள் கணக்காக ஏறிய தண்ணீர் மடமடவென்று கடலுக்குப் போய்விடும். இது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அது என் சுவருக்குள்ளும் ஏதாவது செய்யும் என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

கணவரிடம் தொலைபேசியில் கொட்டினேன். "வேற மேசனப் புடி" என்றார் அவர். பிடித்தேன். கல்லும் மணலும் வந்து முற்றத்தில் குவிந்தன. ஆனால் புது மேசன் மழை விடட்டும் என்று நாளைக் கடத்தினார். அந்த மழையை நான் ஏசாத ஏச்சில்லை. இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

மழை ஒரு கிழமை, ஏழு நாளும் விடாமல் கொட்டியது. ஆற்றுத் தண்ணீர் பின்மதிலைத் தொட்டது. பிறகு ஒருநாள் பகல், முகத்துவாரம் வெட்டியாயிற்று என்று ஊரெல்லாம் பேச்சு. மறுநாள் காலை குடியிருந்த மேசனிடமிருந்து அழைப்பு வந்தது.

"ராத்தா, ஒருக்கா வந்துட்டுப் போங்க. கெதியா, இப்பவே."

வீட்டை விடப் போகிறார், சாவி தரத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வீடு காலியாகத்தான் இருந்தது. மனைவி பிள்ளைகளை முதல் நாளே ஓட்டமாவடிக்கு அனுப்பியிருந்தார். அவர் மட்டும் முன்னறையில் ஒரு கதிரையைப் போட்டு, குசினிச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். எங்களை வாசற்படியிலேயே மறித்தார்.

"உள்ளுக்கு வராதீங்க. இஞ்சயே நிண்டு பாருங்க."

பார்த்தேன். ஆறில் நாலு கண்ணாடி நடுவால் பிளந்திருந்தது, கத்தியால் வெட்டியது போல. இவரே தட்டி உடைத்திருப்பாரோ என்று ஒரு கணம், ஆம், அப்போதும் எனக்கு அந்த எண்ணம் வந்தது. பொய் சொல்ல மாட்டேன். அதைக் கேட்க வாயையும் திறந்துவிட்டேன்.

டிக்.

அவ்வளவுதான் சத்தம். ஐந்தாவது கண்ணாடி எங்கள் கண் முன்னால் இரண்டாகப் பிளந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. காற்று இல்லை. ஒரு கதவு கூட ஆடவில்லை. நான் சிறுகச் சிறுகக் கட்டுவித்த வீடு, என் கண் முன்னால் நகர்ந்தது. "யா அல்லாஹ்!" என்று என்னை அறியாமல் வந்தது. கடல் ஊருக்குள் வந்த நாளைப் பார்த்தவள் நான். அன்றைக்கு ஓடத் தெரிந்தது. இந்தச் சின்னச் சத்தத்துக்கு எனக்குக் கால் எழும்பவே இல்லை. மகள்தான் என் கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்தாள். அங்கே குவிந்து கிடந்த கல்லைப் பார்த்தேன். இத்தனையும் அந்தச் சுவரின் தலையில் ஏறியிருக்கும். அதற்கு மேல் என் மகள் கட்டில் போட்டுப் படுத்திருப்பாள்.

வந்து பார்த்த எஞ்சினியரும் அதையேதான் சொன்னார். பின்பக்க மண் இறங்குகிறது, மேலே பாரம் ஏறியிருந்தால் சுவர் நின்றிருக்காது என்றார். மேல் வீட்டை விட்டுவிட்டோம். பின்பக்கத்தை இடித்து, அத்திவாரத்தை ஆழமாகப் போட்டு எழுப்பிக் கீழ் வீட்டையே மகளுக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை வீட்டாரிடம் உள்ளதைச் சொன்னோம். கல்யாணம் ஆறு மாதம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

திருத்த வேலைக்கு வேறு யாரைக் கூப்பிடுவேன்? எந்த முகத்தோடு போவது என்று கூசிக்கொண்டே ஓட்டமாவடிக்குப் போனேன். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். என் ஏச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான்தான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"தம்பி, வேலயும் போச்சி, வீடும் போச்சி. பேசாமக் கட்டித் தந்துட்டுப் போயிரிக்கலாமே?"

அவர் தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"கட்டியிருந்தா நல்லா, கனமாத்தான் கட்டியிருப்பன் ராத்தா. அதான் பயம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் இல்லை.

இன்றைக்கு மகள், அவர் திருத்திக் கட்டித் தந்த அந்த வீட்டில்தான், மடியில் பேரப்பிள்ளையோடு இருக்கிறாள். அதே ஒழுங்கையில் என் கூடப்பிறந்த தம்பியின் வீட்டை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே வாடகைக்கு இருப்பது அந்த மேசன் குடும்பம்தான். வீடு வாடகைக்கு விடும் பெண்கள் என்னிடம் யோசனை கேட்டால், ஒப்பந்தம் எழுதுங்கள், சாவியை எண்ணிக் கொடுங்கள் என்றெல்லாம் சொல்வேன். கூடவே, மாரி முடிந்து தண்ணீர் வற்றியதும் ஒருமுறை போய், வீடு எப்படி இருக்கிறது என்று குடியிருப்பவர்களிடம் கேளுங்கள், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்பேன். மாதத்தில் ஒருநாள் தடவிப் பார்க்கிற நமக்குத் தெரியாதது, அந்தச் சுவரோரம் தினமும் படுத்து எழும்புகிறவர்களுக்குத் தெரியும்.

உடைந்த அந்த ஐந்தாவது கண்ணாடியை அலுமாரியில் வைத்திருக்கிறேன். மழை வந்து, முகத்துவாரம் வெட்டியாயிற்று என்று கேள்விப்படும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்க்கிறேன். ஏச்சும் வாங்கி, வீட்டையும் விட்டு, தனக்குச் சொந்தமில்லாத ஒரு சுவருக்கு முன்னால் கதிரை போட்டுக் காத்திருந்த அந்த மனிதரை நினைத்து இன்றைக்கும் வியந்துபோகிறேன்.