சானலுக்கு அக்கரையில் ஒரு வெண்கலத் தட்டு

எங்கள் அண்ணன் கர்த்தருக்குள் நித்திரை அடைந்து ஓராண்டு நிறைகிறது. இன்று ஜெபத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய நான் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியவை பல. ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

அண்ணன் பிறந்தது தோவாளைப் பக்கம். எங்கள் சிறு வயதிலேயே பெற்றோர் காலமானதால் என்னைப் படிக்க வைத்தவர் அவரே. கீரிப்பாறை மலையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் உருளை இயந்திரங்களைப் பழுது பார்த்துவந்தார். ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைக்கூட்டின் கூரையிலிருந்து விழுந்த பின் இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அதன் பிறகு அவர் கண்டவை: ஒரு ஜன்னல், அதன் நான்கு கம்பிகள், பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் ஓடும் கால்வாயான சானல், அக்கரையில் எங்கள் அம்மாவின் தங்கையான சின்னம்மை வீட்டு அடுக்களைச் சுவர்.

நான் கண்டவையும் அவையே. மிஷன் ஆசுபத்திரியில் கம்பவுண்டர் பயிற்சி முடித்திருந்தேன். வேலைக்கு வரச்சொல்லி இரண்டு முறை கடிதம் வந்தது; இரண்டு முறையும் வர இயலாது என்று பதில் எழுதினேன். அண்ணனுக்கு ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் பக்கத்தில் ஆள் வேண்டும். நான் இல்லாதபோது சின்னம்மை வந்து கவனிப்பார்; ஆனால் மதகின் இரைச்சலில் கூப்பிட்டால் அக்கரைக்குக் கேட்காது. கயிறு கட்டி மணி தொங்கவிட்டோம். கரையில் போன வைக்கோல் வண்டிகள் கயிற்றை இருமுறை அறுத்துவிட்டன.

"ஏட்டி, ஒரு கட்டில்ல ரெண்டு பேருமா கெடக்கணும்?" என்றார் அண்ணன்.

சீமைக்குத் திரும்பிய தோட்டத்துத் துரை கொடுத்துப்போன ஏர்கன், காற்றழுத்தத்தில் சுடும் துப்பாக்கி, பரணில் கிடந்தது. சின்னம்மை வீட்டு முகட்டின் கீழே வெண்கலத் தட்டு ஒன்றைத் தொங்கவிட்டால், அதில் துப்பாக்கியின் ஈய ரவை படும் ஓசை அடுக்களைக்குள் கேட்கும் என்பது அவர் யோசனை. ஒரு அடி என்றால் தண்ணீர். இரண்டு என்றால் உடனே வா.

முதலில் பத்துக்கு இரண்டுகூடப் படவில்லை. இடையில் வண்டிப்பாதை. குறி உறுதியாகும்வரை நான் வேலைக்குப் போக முடியாது. அண்ணன் படுத்தபடியே துப்பாக்கியைப் பிரித்தார். குழல் மடியும் இடத்தில் ஆட்டம் இருந்தது. பித்தளைத் தகடு வெட்டி இடை கொடுத்தார். தேய்ந்த தோல் வளையத்தை மாற்றினார். குறிமுள்ளை அரத்தால் மெலியச் செய்தார். ஜன்னலில் பலாமரத் தாங்கி பொருத்தினார். நான் மருந்துத் தராசில் ரவைகளை ஒவ்வொன்றாக நிறுத்து, எடை ஒத்தவற்றைப் பிரித்தேன். கார்த்திகைக்குள் பத்துக்குப் பத்தும் பட்டது.

மார்கழியில் ஒரு குளிர்ந்த காலை, ரவை தாழ்ந்து போய்ச் சின்னம்மையின் தண்ணீர்ப் பானையைக் கீறிவிட்டது. அவர் சானலின் குறுக்கே கிடந்த மரத் தடிப்பாலம் கடந்து வந்து நின்றார்.

"ஏலே மக்கா, வெள்ளம் வேணும்னு விளிக்கதுக்கு வெள்ளப் பானையவா ஒடைக்க?"

"தலையில பட்டிருந்தா, சின்னம்மை?" என்றேன்.

"எனக்க தலைக்கு ஒண்ணும் ஆவாது. ரவைதான் நெளிஞ்சு போவும்."

அண்ணன் சிரிக்கவில்லை. மறுபடியும் பிரித்துப் பார்த்தார். தோல் வளையத்துக்கு நாங்கள் விட்டிருந்தது தேங்காய் எண்ணெய். குளிரில் அது நெய்யாக இறுகி, ரவையின் வேகத்தைக் குறைத்திருந்தது.

"தலைக்கும் வெளிச்செண்ணெ, கறிக்கும் வெளிச்செண்ணெ. துப்பாக்கிக்கும் அதையே விட்டுட்டமே!" என்றார்.

தையல் இயந்திர எண்ணெய்க்கு மாற்றினார். தை முழுவதும் ஒரு ரவைகூடத் தவறவில்லை. பங்குனியில் நான் வேலையில் சேர்ந்தேன்.

அண்ணன் மறைந்த அன்று, நண்பகலில் கஞ்சி கொண்டுபோன சின்னம்மைதான் முதலில் கண்டார். அன்றிலிருந்து பலர் அவரிடம் கேட்கிறார்கள்: "தட்டுச் சத்தம் ஒனக்குக் கேக்கலியா?"

நான் பார்த்ததை எழுதுகிறேன். காலையில் வேலைக்குப் போகும்முன் ரவை டப்பாவின் மூடியில் பத்து ரவை எண்ணி வைத்திருந்தேன். வந்து பார்த்தபோது மூடியில் ஒன்பது இருந்தன. பத்தாவது குழலுக்குள் இருந்தது. துப்பாக்கியின் சுருள்வில் சுடத் தயாராக இழுபட்டபடியே நின்றது. வில் தளர்ந்துவிடும் என்று அவர் ஒருபோதும் துப்பாக்கியை நிரப்பி வைப்பதில்லை. ஆகவே கூப்பிட நினைத்திருக்கிறார், ஆனால் சுடவில்லை. கை ஓய்ந்ததோ, வேண்டாம் என்று விட்டாரோ, எனக்குத் தெரியாது. அறிய வழியும் இல்லை. நாள்தோறும் ஆசுபத்திரி மருந்தகத்துக்குப் போய்வருகிறேன். அந்த அறையை விட்டு நான் இன்னும் வெளியே வரவில்லை.

அண்ணனைப் புரட்டிப் படுக்க வைத்து உதவிய கரங்களுக்கும், தடிப்பாலத்தின் மேல் பெட்டியைச் சரியாமல் சுமந்த சகோதரர்களுக்கும், போதகர் ஐயாவுக்கும் நன்றி. சின்னம்மைக்கு நன்றி சொல்ல என்னிடம் போதிய சொல் இல்லை. அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அன்று தட்டு ஒலிக்கவில்லை. அந்தக் கேள்வியை இனி அவரிடம் யாரும் கேட்க வேண்டாம்.