ஆடிக் காற்றும் ஒரு சிவப்புத் துண்டும்

துணி உலர்த்தும் டிரையர்களின் காற்றுக்குழாயைச் சுத்தம் செய்ய நான் பழகியபோது, என்னோடு சேர்ந்து அந்த வேலையைக் கற்றுக்கொண்டவர் ஒரு பெரியவர். நரைத்த மீசை, தோளில் சிவப்புத் துண்டு. வேலை முடிந்ததும் டிரையரை ஓடவிட்டு, வெளிச்சுவரில் குழாய் வாயருகே துண்டைப் பிடிப்பார். அது பறந்தால் அடைப்பு போய்விட்டதாம்.

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் துண்டு படபடவென்று பறந்தது. வீட்டுக்கார அம்மா திருப்தியாக உள்ளே போனார்.

“அண்ணாச்சி, இது ஆடிக் காத்துல்லா?” என்றேன்.

டிரையரை நிறுத்திப் பார்த்தார். அப்போதும் பறந்தது. குழாயை மறுபடி கழற்றினார். வளைவிலிருந்து தலையணை அளவு துணிப்பஞ்சு வந்தது.

குழாயை மாட்டி, டிரையரை ஓடவிட்டு, அந்த அம்மாவைத் திரும்பக் கூப்பிட்டார். காற்றுக்கு முதுகு காட்டித் துண்டைப் பிடித்தார். இந்த முறை லேசாகத்தான் ஆடியது.

“மொதல்ல பறந்தது காத்துக்கும்மா. இந்த ஆட்டந்தான் நாங்க செஞ்ச வேலை.”

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளி கூச்சமில்லை. எப்படி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.