அந்தப் பக்கம் பிடி

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் கிளமென்ட்டுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். கோயிலில் ஜெபம் சொல்ல எழுந்தாரென்றால் பங்குச்சாமியாரே கடிகாரத்தைப் பார்ப்பார். அப்படி ஒரு வாய். ஆனால் வேலையிடத்தில் அவரும் கூட்டாளி காத்தமுத்துவும் கையால்தான் பேசிக்கொள்வார்கள். இரும்படிக்கும் சத்தத்தில் குரல் எடுபடாது. உள்ளங்கையை விரித்து இரண்டு முறை உயர்த்தினால், ‘கனமா இருக்கு, அந்தப் பக்கம் பிடி’ என்று அர்த்தம்.

காத்தமுத்துவின் மனைவி பொன்னுத்தாய் இறந்தபோது, நீளமான ஜெபம் ஒன்றை மனசுக்குள் தயார் செய்துகொண்டுதான் கிளமென்ட் போனார். அங்கே வந்தவர்களெல்லாம் “விதி”, “மனசைத் தேத்திக்கங்க” என்று சொல்லச் சொல்ல, காத்தமுத்து கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். கிளமென்ட் ஜெபத்தை விழுங்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அதன் பிறகு தினமும் ஷிப்ட் முடிந்தால் அங்கேதான். ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புவார்.

“இத்தனை நாளா போறீங்க, ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்று மனைவி லூர்து கேட்டாள்.

“சிநேகிதன் கல்லறைக்குப் போனப்ப ஆண்டவரே அழுதாரு. எனக்கு மட்டும் பேச என்ன அவசரம்?” என்று சீறினார் அந்த வாய்க்காரர்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் காத்தமுத்து வீட்டில் அவர்கள் இருவர் மட்டுமே இருந்தார்கள். எந்தச் சத்தமும் இல்லை. காத்தமுத்து திரும்பிப் பார்த்தார். உள்ளங்கையை விரித்து இரண்டு முறை உயர்த்தினார்.

கிளமென்ட் நகர்ந்துபோய்த் தோளைக் கொடுத்தார். பன்னிரண்டு நாள் அழுகையும் அந்தத் தோளில் இறங்கியது.