புல்தரையில் விழுந்த நிழல்

என் கணவர், தான் போட்ட தோட்டங்களைத் தானே படம் எடுப்பார். வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்பதால், ஒவ்வொரு படத்திலும் புல்தரைமேல் அவர் நிழல் நீண்டு கிடக்கும். "தள்ளி நின்னு எடுங்களேன்" என்று எத்தனை முறை கத்தியிருக்கிறேன்!

அவர் போன பிறகு தொழிலை நான்தான் பார்க்கிறேன். வேலை வரவில்லையே என்று வெப்சைட்டைப் புதுப்பிக்கக் கொடுத்தேன். அதைச் செய்த பெண், "நிழல் அசிங்கமா இருக்குதும்மா" என்று சொல்லி எல்லா நிழலையும் அழித்து, அந்த இடத்தைப் புல்லால் நிரப்பினாள். நானும் தலையாட்டினேன்.

நேற்று வாலாஜாபாத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். போனில் நாங்கள் ஓரிக்கையில் போட்ட தோட்டத்தின் படத்தைக் காட்டி, சரியாக நிழல் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க மட்டும் புல்லு எவ்ளோ அடர்த்தியா இருக்குது! இதான் வேணும். இதுக்கு இன்னா பேருமா?"

என் கணவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.