கொட்டாவி அத்தையின் உத்தியோகம்

தூக்கத்தில் கொட்டாவி அத்தையின் குடும்பத்தை மிஞ்ச ஆள் கிடையாது. அப்பா சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பவர். கதவில் சாய்ந்து நின்றபடியே தூங்குவார், கை மட்டும் கிழித்துக்கொண்டிருக்கும். அப்பாவின் தங்கை கல்யாணத்தன்றே மாப்பிள்ளையின் தோளில் சாய்ந்தாள். "பொண்ணு எவ்வளவு பாசமா இருக்கா பாரு" என்று மாமியார்க்காரி பூரித்துப்போனாள். குறட்டை கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. அந்தத் தங்கையின் மூத்த மகன் காவல்காரன் வேலைக்குப் போனான். அவன் கதையைச் சொல்லாமல் விடுவதுதான் அவனுக்கு நாம் செய்யும் மரியாதை.

டிக்கெட் கிழிப்பவருக்கு மூன்றாவதாகப் பிறந்தவள்தான் கொட்டாவி அத்தை. மத்தியானம் ஒரு மணியானால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். வகுப்பில் அவள் கொட்டாவி விட்டால் முன்பெஞ்சு விடும், முன்பெஞ்சு விட்டால் டீச்சரும் விடுவாள். "நீ வீட்டுலயே இரும்மா, மத்த பிள்ளைங்களாவது படிக்கட்டும்" என்று ஐந்தாம் வகுப்போடு அனுப்பிவிட்டார்கள்.

வாக்கப்பட்டது ஒரு பஸ் கண்டக்டருக்கு. நாளெல்லாம் நின்று கால் வீங்கி வருகிற மனுஷனுக்கு, தூங்கி முகம் வீங்கிய பெண்டாட்டியைக் கண்டால் எப்படி இருக்கும்?

"நான் நிக்கிறதுக்கும் சேர்த்து நீ படுத்துக்கிறியாடி?"

"வீட்டுக்கு ஒருத்தராவது படுக்க வேண்டாமா? குடும்பம் ஒரே பக்கம் சாஞ்சிடும்ல."

இரண்டு தெரு தள்ளிப் பள்ளிக்கூடம். அங்கே பாலர் வகுப்பு பன்னிரண்டு மணிக்கே முடிந்துவிடும். பெற்றவர்களுக்கோ ஐந்து மணி வரை வேலை. முதலில் கண்டக்டரின் தங்கை, சலவைக்கடை வைத்திருப்பவள், தன் மூத்தவனைக் கொண்டுவந்து விட்டாள். "அண்ணி, சும்மாத்தானே படுத்திருக்கீங்க, பக்கத்துல இவனையும் போட்டுக்குங்க" என்றாள். நாத்தனார் வாய் அப்படி. ஆனால் பையன் மூன்று மணி நேரம் முழுசாகத் தூங்கினான். செய்தி பரவியது. வருஷா வருஷம் பத்து, பதினொரு பிள்ளைகள் சேர்ந்தன. பன்னிரண்டு அடித்ததும் பையை மாட்டிக்கொண்டு, ஒன்றின் சட்டையை ஒன்று பிடித்துக்கொண்டு ரயில்வண்டி மாதிரி வந்து சேரும்.

சாப்பாட்டு டப்பா காலியானதும் அத்தை நடுக்கூடத்தில் பாயை விரித்துப் படுப்பாள். "யப்பா, எனக்குத் தூக்கமே வரலையே, யாராவது தட்டிக்கொடுங்களேன்" என்று ஒரு பெரிய கொட்டாவி விடுவாள். உடனே பிள்ளைகளுக்குப் பொறுப்பு வந்துவிடும். ஒன்று முதுகைத் தட்டும், ஒன்று காலைப் பிடிக்கும், ஒன்று "சத்தம் போடாதீங்கடா" என்று மற்றதை மிரட்டும். தட்டுகிற கை ஒவ்வொன்றாக ஓயும். கால் மணியில் எல்லாம் சரிந்துவிடும். அத்தை நடிக்கவில்லை என்பதுதான் இதில் சூட்சுமம். நிஜமாகவே முதலில் தூங்கிப்போவது அவள்தான்.

கண்டக்டருக்குக் காலில் நரம்பு சுருண்டு வேலையை விட்ட பிறகு, அந்தப் பதினொரு பிள்ளைகளின் வீட்டார் கொடுத்த காசில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. அப்படி இருக்கும்போதுதான் பாலர் வகுப்பை முழுநாள் ஆக்கும் உத்தரவு வந்தது. பெற்றோர் கூட்டத்தில் அதற்குச் சம்மதம் என்று முதலில் கை தூக்கியவள் நாத்தனார். அவளுடைய கடைக்குட்டி அப்போது பாலர் வகுப்பில் இருந்தாள்.

"இனிமே மூணரை வரைக்கும் ஸ்கூல்லயே வெச்சுக்குவாங்க. உங்களுக்கும் ரெஸ்ட்டு அண்ணி."

"நீ குடுத்துத்தான் நான் ரெஸ்ட்டு எடுக்கணுமா? கையைத் தூக்கினியே, அதோட என் அடுப்பையும் சேர்த்துத் தூக்கிட்டே!"

நாத்தனாருக்கு அப்போதுதான் உறைத்தது. தூக்கிய கையை இறக்கலாம், உத்தரவை இறக்க முடியுமா?

முழுநாள் பள்ளிக்கூடம் ஆரம்பித்த அன்றைக்கு அத்தை கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் குட்டிக் கட்டில்கள், புது விரிப்புகள், சுவரில் அட்டவணை எல்லாம் தயார். ஒன்றிலிருந்து இரண்டு வரை 'உறக்கம்' என்று அழகாக எழுதியிருந்தார்கள். யார் உறங்க வைப்பது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. பாலர் வகுப்பை வீட்டுக்கு விடுகிற பழைய பன்னிரண்டு மணி அடியை நிறுத்தவும் மறந்துவிட்டார்கள்.

மணி அடித்தது. அத்தையின் பதினொன்றும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பின. புதிதாகச் சேர்ந்த இன்னொரு பதினொன்றும், எங்கே என்று கேட்காமல் சட்டையைப் பிடித்துக்கொண்டன. வாசல் காவலாளி தினமும் பார்க்கிற ரயில்தானே என்று கேட்டைத் திறந்துவிட்டு, "பார்த்துப் போங்க" என்று கையும் காட்டினார்.

பெரிய டீச்சர் ஒரு காலில் செருப்போடு ஓடிவந்து சேர்ந்தபோது, அத்தை வீட்டுத் தாழ் திறந்திருந்தது, கூடத்தில் இருபத்திரண்டும் கவிழ்ந்தும் மல்லாந்தும் கிடந்தன. நடுவில் அத்தை.

"பிள்ளைங்களைக் கடத்திட்டு வந்து..."

"மெதுவா பேசுங்கம்மா," என்றார் கண்டக்டர். "முழிச்சா நீங்கதான் தூக்கிட்டுப் போகணும். எனக்குக் கால் வலி."

மறுநாளிலிருந்து மணியையும் நிறுத்தினார்கள், கேட்டையும் பூட்டினார்கள். தூக்கம் மட்டும் வரவில்லை. உதட்டில் விரல் வைத்து நின்று நின்று இளைய டீச்சருக்கு விரல் மரத்துப்போனது. ஒருவன் கட்டிலுக்கடியில் குடித்தனம் நடத்தினான். ஒருத்தி கடித்துவிட்டாள், பிள்ளையை அல்ல, டீச்சரை. இரண்டாவது வாரம் பெரிய டீச்சரே அத்தை வீட்டு வாசலுக்கு வந்தாள், இந்த முறை இரண்டு செருப்போடும்.

"எப்படிங்க தூங்க வைக்கிறீங்க?"

"நான் எங்கே வைக்கிறேன்? அதுங்கதான் என்னைத் தூங்க வைக்குது."

பாலர் வகுப்பு ஆயா என்று தற்காலிகமாக வேலை போட்டார்கள். கல்வி அதிகாரி வந்து பார்த்து ஒப்புதல் கொடுத்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. கட்டில்களை ஓரம் கட்டிவிட்டு அத்தை தரையில் பாயை விரித்தாள்.

அதிகாரி வந்த நேரம் ஒன்றேகால். இருபத்தொரு பிள்ளைகளும் ஆயாவும் குறட்டையில். நாத்தனாரின் கடைக்குட்டி மட்டும் அத்தை முதுகைத் தட்டிக்கொண்டே திரும்பி, "ஷ்ஷ்! இப்பத்தான் தூங்கினாங்க. செருப்பைக் கழட்டிட்டு வா" என்றாள். அதிகாரியும் கழற்றிவிட்டார். கழற்றிய கோபமோ என்னவோ, 'பணி நேரத்தில் உறக்கம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

"நாளைக்கு நாற்காலியில உட்கார்ந்து, கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு வேலை பார்க்கணும். நானே வந்து பார்ப்பேன். இல்லேன்னா வேற ஆள் போட்டுடுவேன்."

அன்றைக்கு வீட்டில் கண்டக்டர் கேலி பேசவில்லை. அதுவே அத்தைக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் அதிகாரியும், பெற்றோர் குழு சார்பில் நாத்தனாரும் வந்து உட்கார்ந்தார்கள். அத்தை நாற்காலியில் நிமிர்ந்து, கண்ணில் தண்ணீர் வர வர முழித்துக்கொண்டிருந்தாள். வந்த கொட்டாவியையெல்லாம் மென்று விழுங்கினாள். பிள்ளைகள் சுற்றி நின்றன. "அத்தைக்கு உடம்பு சரியில்லையா?" என்றது ஒன்று. அத்தை கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி முழித்தாள். அதற்குப் பிறகு எல்லாம் அதிகாரி பக்கம் திரும்பின. ஒன்று மடியில் ஏறியது. ஒன்று, "உன் காதுல ஏன் முடி?" என்று இழுத்துப் பார்த்தது. பேனா மூடி ஒரு மூக்குக்குள் போய், தும்மலில் வெளியே வந்தது. ஒன்றரைக்கு ஒருவன் நின்ற இடத்திலேயே மூத்திரம் போனான். நின்ற இடம் அதிகாரியின் கோப்பு.

"சார்," என்றாள் நாத்தனார், "எங்க அண்ணியை எங்க குடும்பத்துல யாரும் மத்தியானம் முழிக்க வெச்சதில்ல. நீங்க வெச்சீங்க. அனுபவிங்க."

அதிகாரி ஒரு பிள்ளையைத் தோளிலிருந்து பிய்த்து எடுத்தார். "அம்மா... தயவுசெஞ்சு படுங்கம்மா."

"வாய் வார்த்தைக்கெல்லாம் படுக்க முடியாதுங்க," என்றாள் அத்தை. "நேத்து எழுதினீங்கள்ல, இன்னைக்கும் எழுதிக் குடுங்க."

ஈரம் படாத ஒரு தாளைத் தேடி எடுத்து எழுதினார்: 'ஒரு மணி முதல் இரண்டு மணி வரை பாலர் வகுப்பு ஆயா கண்டிப்பாக உறங்க வேண்டும். நிரந்தரப் பணி நியமனம் செய்யப்படுகிறது.' கையெழுத்து, முத்திரை. வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அதுவரை அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சேர்த்து ஒரே கொட்டாவியாக விட்டாள். பிள்ளைகள் அதிகாரியை விட்டுவிட்டு அவள் முதுகைத் தட்ட ஓடின.

ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் அந்தத் தாளைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். "முப்பது வருஷம் நின்னேன். ஒரு மெமோவைத் தவிர ஒண்ணும் கிடைக்கல. படுத்ததுக்கு முத்திரை குத்திக் குடுத்திருக்கான் பாரு!" என்று சொல்லிவிட்டு, அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்.

'கண்டிப்பாக' என்ற இடம் வந்தபோது மணி ஒன்று. கேட்க வேண்டியவள் பாயில் சரிந்து அரை நிமிஷம் ஆகியிருந்தது. கண்டக்டரும் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு, காலை நீட்டிப் பக்கத்தில் படுத்தார்.